கறுப்பு முட்டையும் புளித்த கோஸ் தண்ணீரும்

எங்கள் மலை ஊரான யாலின்காவுக்குள் ரொட்டி வண்டி நுழையும் சத்தம் கேட்டால் தூங்கிக் கிடக்கும் நாய்கூட எழுந்து சோம்பல் முறிக்கும். அப்படி ஒரு சத்தம் அதற்கு. சோவியத் காலத்து லாரி. கொடி மாறியது, நோட்டு மாறியது, அந்த லாரியின் இருமல் மட்டும் மாறவில்லை. அதை ஓட்டிவந்தவள் வசிலீனா. விடிவதற்கு முன்பே அடிவாரத்துக் கோசிவ் நகரில் ரொட்டி ஏற்றிக்கொண்டு, ஆற்றங்கரையோடு வந்து, மரப்பாலங்களை ஒவ்வொன்றாகத் தாண்டி, எங்கள் மலை முழுக்கச் சூடு ஆறுவதற்குள் இறக்கிவிடுவாள்.

பொம்பளை லாரி ஓட்டுவதா என்று முதலில் வாயில் விரல் வைத்த ஊர்தான் இது. ஒரு குளிர்காலத்தில் பனி கழுத்தளவு கொட்டியது. ஆம்பிளைகள் ஓட்டும் வண்டியெல்லாம் அடிவாரத்தில் மூக்கைச் சிந்திக்கொண்டு நின்றன. இவள் மட்டும் சக்கரத்துக்குச் சங்கிலி கட்டி மேலே ஏறிவந்தாள். அன்றைக்கு வைத்த விரலை எடுத்து அவரவர் ரொட்டியைக் கடித்தார்கள். அதற்கப்புறம் யாரும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

லாரி அவள் புருஷன் யூர்கோ ஓட்டியது. நெஞ்சு வலிக்கிறது என்று மத்தியானம் படுத்தவன், சாயங்காலம் எழுந்திருக்கவில்லை. பிள்ளைகுட்டி கிடையாது. அவன் அக்கா தெக்லா அதே முற்றத்தில் எதிர் வீட்டில் இருந்தாள். கல்யாணமே செய்துகொள்ளாதவள், தம்பியைத் தூக்கி வளர்த்தவள். அடக்கம் முடிந்த வாரத்தில் லாரிச் சாவியைக் கொண்டுவந்து வசிலீனாவின் மடியில் போட்டவள் அவள்தான். “அவன் வண்டியை வேற எவனும் தொடக்கூடாது. நீ ஓட்டு. ஊரு என்ன சொன்னாலும் நான் பாத்துக்கிறேன்” என்றாள். சொன்னபடியே பார்த்துக்கொண்டாள். வாய் நீண்டவர்களின் வாயை அவள் வாய் அடைத்தது. அன்றிலிருந்து இரண்டு பேருக்கும் ஒரே அடுப்பு, ஒரே மேஜை.

இதையெல்லாம் ஏன் சொல்கிறேன் என்றால், தெக்லாவைக் கெட்டவள் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. கொடுமைக்காரியாக இருந்திருந்தால் வசிலீனா என்றைக்கோ லாரியைக் கிளப்பிக்கொண்டு போயிருப்பாள். பாசக்காரியிடமிருந்துதான் கிளம்ப முடியாது.

தெக்லா ஊரிலேயே பெரிய முட்டைக்காரி. எங்கள் பக்கம் ஈஸ்டர் முட்டையில் படம் வரைவதில்லை, எழுதுகிறோம். குச்சி நுனியில் செம்புத் தகட்டுக் கூம்பு கட்டி, அதில் தேன்மெழுகை உருக்கி, ஓட்டின்மேல் கோடு இழுப்பது. வெள்ளையாக இருக்க வேண்டிய இடத்தை முதலில் மெழுகால் மூடிவிட்டு மஞ்சளில் போடுவார்கள். மஞ்சளாக நிற்க வேண்டியதை மூடிவிட்டுச் சிவப்பில் போடுவார்கள். கடைசியில் கறுப்பு. பிறகு விளக்குச் சுடரோரம் காட்டித் துடைத்தால் மெழுகு வழிந்து, உள்ளே ஒளிந்திருந்த நிறமெல்லாம் ஒரேயடியாக வெளியே வரும்.

யாருக்கு எந்த நிறம் என்பதில் தெக்லா ஒரு நீதிபதி. குழந்தைக்கு மஞ்சள் கூடுதலாக இருக்க வேண்டும், வெயில் படுகிற செடி மாதிரி வளரட்டும் என்று. கல்யாண வயதுப் பெண்ணுக்குப் பச்சையும் சிவப்பும். புதுசாகக் கட்டிக்கொண்டவர்களுக்குச் சிவப்பு, சிவப்பு, மேலும் சிவப்பு. வயதானவர்களுக்கு அடர்நிறம். மொட்டைத் தலைக்காரனுக்கு மட்டும் இடைவெளியே இல்லாமல் முழுக்க எழுதிய முட்டை, இல்லாவிட்டால் இருக்கிற நாலு முடியும் போய்விடும் என்பார்கள். விதவைக்குக் கறுப்பு. கறுப்பில் வெள்ளைக் கோடு. வேறு ஒன்றும் கிடையாது. கறுப்பு செத்தவர்களின் மண், வெள்ளை அவர்களுடைய துணி. விதவைக்கு அந்த முட்டையைப் புருஷன் வீட்டார்தான் எழுதித் தர வேண்டும். எடுப்பதென்றாலும் அவர்கள்தான் எடுக்க வேண்டும். கறுப்பு கொடுத்த வீடே நிறம் கொடுத்தால் ஒழிய அவள் விதவைதான், ஊருக்கு அவள்மேல் தண்ணீர் ஊற்ற உரிமை இல்லை.

தண்ணீர் என்றால் ஈஸ்டர் திங்கட்கிழமைத் தண்ணீர். அன்றைக்கு ஆம்பிளைகள் வாளியோடு வாசல் வாசலாக வருவார்கள். பெண்ணைக் கண்டால் ஊற்றிவிடுவார்கள். அவள் அலறிக்கொண்டே ஒரு முட்டையைக் கையில் வைப்பாள். கிணற்றுத் தண்ணீரின் குளிரில் பல் தந்தியடிக்கும், ஆனாலும் ஊற்றாமல் விட்ட பெண் அழுவாள். அந்தத் திங்கட்கிழமைகளில் வசிலீனா மட்டும் நனையாமல் தெருவில் நடப்பாள். வாளியைத் தூக்கினவன் அவளுடைய கறுப்புத் தலைத்துணியைப் பார்த்ததும் வாளியை இறக்கி, தொப்பியைக் கழற்றி, “கிறிஸ்து உயிர்த்தெழுந்தார்” என்று பவ்யமாகச் சொல்வான். அந்த மரியாதை இருக்கிறதே, அது வாளித் தண்ணீரைவிடக் குளிரும்.

இப்படி இருக்கையில்தான் ஒனுஃப்ரி மூன்று ரொட்டி வாங்க ஆரம்பித்தான்.

ஒனுஃப்ரி ஆற்றுக்கு அந்தப்புறம், மேல்கரையில் தேனீ வளர்ப்பவன். அம்மா படுக்கையில் கிடந்த காலமெல்லாம் அவளைப் பார்த்துக்கொண்டே தன் கல்யாணத்தை மறந்துபோனவன். அம்மா போனபோது அவன் தலைமுடியும் போயிருந்தது. நல்ல மொட்டை, வெயிலில் பார்த்தால் கண் கூசும். ரொட்டிக் கடைக்காரி பரான்யாவின் கண்ணிலிருந்து எதுவும் தப்பாது.

“ஒத்த ஆளுக்கு மூணு ரொட்டி எதுக்குன்னு கேக்குறேன். தேனீக்கும் பிட்டுப் போடுறாரோ?” என்று வசிலீனாவிடம் ஆரம்பித்தாள்.

“வாங்குறவர் வயிறு, உனக்கென்ன வலி?”

“எனக்கு வலி இல்லம்மா. கடையில வாங்க மாட்டேங்கிறாரே, நேரா லாரியிலதான் வாங்குவேன்னு நிக்கிறாரே, அதான் வலிக்குது.”

வசிலீனா ரொட்டித் தட்டுகளை எண்ணுவதுபோல முகத்தைத் திருப்பிக்கொண்டாள். கன்னம் சிவந்ததை பரான்யா பார்த்துவிட்டாள். அன்றைக்கே கீழ்கரை முழுக்கத் தெரிந்துவிட்டது.

ஈஸ்டருக்கு முந்தைய நோன்பு காலத்தில், பனி உருகின சேற்றில் மேல்பாலத்துப் பக்கம் லாரியின் பின்சக்கரம் இறங்கிக்கொண்டது. ஒனுஃப்ரி இரண்டு பலகையோடு வந்தான். சக்கரத்தடியில் பலகையைச் செருகினான். வண்டி ஏறியது. அவன் மட்டும் போகவில்லை.

“வசிலீனா, என் வீட்டு அடுப்புல ஒரு பக்கம்தான் எரியுது” என்றான்.

“அடுப்பு கட்டுற ஆளைக் கூப்பிடுங்க, தேனீக்காரரே. எனக்கு வண்டி வேலைதான் தெரியும்.”

“அடுப்பு நல்லாத்தான் இருக்கு. பக்கத்துல உக்கார ஆளுதான் இல்ல.”

அவள் ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி முன்னால் பார்த்துக்கொண்டிருந்தாள். லாரி இருமியது. என்ஜினை அணைத்தாள்.

“வாயால பதில் சொல்ல வேணாம்” என்றான் அவன். “ஈஸ்டர் திங்கக்கிழமை உன் வாசலுக்கு வாளியோட வர்றேன். கையில முட்டையை வை. கறுப்புன்னா பேசாமத் திரும்பிப் போயிடுறேன், கோவிச்சுக்க மாட்டேன், அப்பவும் உன்கிட்டதான் ரொட்டி வாங்குவேன். நிறம்னா தண்ணி ஊத்துறேன்.”

“விதவை மேல தண்ணி ஊத்துனா ஊரே கூடிரும்.”

“கூடட்டுமே. ஒரு நல்ல காரியத்துக்கு ஊரு கூடி எத்தனை நாளாச்சு.”

அன்றைக்கு ஒவ்வொரு ஊரிலும் ரொட்டி தாமதம். யார் கேட்டாலும் சேறு என்றாள். சேறும்தான்.

ஆசை இருந்தது. நெஞ்சைத் தொட்டுச் சொல்ல வேண்டுமானால் நிறையவே இருந்தது. நாற்பத்தைந்தைத் தாண்டினவளுக்கு என்ன ஆசை என்று கேட்பவர்கள் நாற்பத்தைந்தைத் தாண்டாதவர்கள். ஆனால் தெக்லாவை மீறி, அவள் வயிறு எரிய, ஆற்றைக் கடந்து போய் இன்னொரு வீட்டில் உட்கார வசிலீனாவால் முடியாது. அந்தச் சாவியை மடியில் போட்ட கை அது. ஆகவே அவள் நேராகவே கேட்பது என்று முடிவு செய்தாள்.

ஈஸ்டருக்கு முந்தின புனித வாரத்தில் தெக்லா முட்டை எழுத உட்காரும் நேரம். மேஜையில் நிறப் பானைகள் வரிசையாக இருந்தன. தெக்லா மெழுகை உருக்கிக்கொண்டிருந்தாள். வசிலீனா கதவோரம் நின்றாள்.

“மதினி, இந்த வருஷம் எனக்குச் சிவப்பு எழுதுங்க.”

தெக்லாவின் கை நிற்கவில்லை. கோடு ஒரு மயிரிழைகூட ஆடவில்லை. அப்படிப்பட்ட கை.

“மேல்கரை மொட்டையா?”

“ஆமா மதினி.”

“பரான்யா சொன்னப்ப நான் நம்பல. அவ பாதி நாள் பொய்தான் சொல்லுவா. நல்ல மனுஷந்தான். அவனைக் குறை சொல்ல எனக்கு ஒண்ணும் இல்ல.” தெக்லா முட்டையைத் திருப்பினாள். “ஆனா என் கையால முடியாது.”

“உங்க கையாலதான் வேணும்.”

“மஞ்சளுக்கு மேல சிவப்பு ஏறும். சிவப்புக்கு மேல கறுப்பு ஏறும். கறுப்புக்கு மேல என்னடி ஏறும்? ஒண்ணும் ஏறாது. முட்டைக்கும் அதான், பொம்பளைக்கும் அதான்.”

தெக்லா இப்போதுதான் குச்சியைக் கீழே வைத்தாள். குரல் இறங்கியிருந்தது.

“யூர்கோவுக்குப் பிள்ளை இல்ல. பேரு சொல்ல ஒரு குஞ்சு இல்ல. இந்த ஊர்ல அவனை நெனைச்சு எழுதுற முட்டை இது ஒண்ணுதான். இதையும் நிறுத்திட்டேன்னா அவன் எங்கடி இருப்பான்? சொல்லு. நீ போ, தாராளமாப் போ, உன்னைக் கட்டிப்போட நான் யாரு. ஆனா நிறத்தை எங்கிட்டக் கேக்காதே.”

வசிலீனா வெளியே வந்து லாரியின் மூடியைத் திறந்து, ஒன்றும் கெடாத என்ஜினைக் கொஞ்ச நேரம் திட்டினாள்.

பிறகு ரோஷம் வந்தது. நானே எழுதிக்கொள்கிறேன் என்று கிளம்பினாள். அங்கேதான் ஒரு சங்கடம். எங்கள் மலைப் பெண்களில் முட்டை எழுதத் தெரியாதவள் இவள் ஒருத்திதான். சின்ன வயதிலிருந்தே அவள் கை போனதெல்லாம் பட்டறைப் பக்கம். ஆனாலும் லாரியில் கிடந்த பழைய செம்புத் தகட்டை வெட்டிச் சுருட்டி, குச்சியில் கம்பியால் கட்டி, எழுதுகோல் ஒன்றைச் செய்துவிட்டாள். கோசிவ் சந்தையில் சிவப்புச் சாயப் பொட்டலம் வாங்கினாள். ஆப்பிள் மரப்பட்டையைக் கொதிக்கவைத்து மஞ்சள் இறக்கினாள். மெழுகு ஒனுஃப்ரி கொடுத்தது. எதற்கென்று அவன் கேட்கவில்லை, கட்டியாக எடுத்து ரொட்டிக் கூடையில் வைத்துவிட்டுப் போனான்.

முதல் முட்டையில் நட்சத்திரம் போட நினைத்தாள், சிலந்தி வந்தது. இரண்டாவதைப் பிடித்த பிடியில் நொறுக்கிவிட்டாள். சக்கர நட்டைப் பிடிக்கிற பிடி அது, பாவம் முட்டை என்ன செய்யும். மூன்றாவது ஒருவழியாக உருவானது. அதைப் பார்த்துவிட்டு பரான்யா வயிற்றைப் பிடித்துக்கொண்டாள்.

“ஏண்டி, பாதி முட்டை வெறிச்சுன்னு கெடக்கு. மொட்டைக்கு இப்படி எடம் விட்டுக் குடுத்தா புருவமும் உதிர்ந்துரும்டி அந்த மனுஷனுக்கு.”

வசிலீனாவுக்கும் சிரிப்பு வந்தது. சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தாள். சனிக்கிழமை காலையில் அவளிடம் மிச்சமிருந்தது வெறும் மஞ்சளும் சிவப்பும் நிறைந்த இரண்டு பானைகளும் கொஞ்சம் மெழுகும்தான்.

அன்றைக்கு மத்தியானம் தெக்லா வழக்கம்போலக் கறுப்பு முட்டையைக் கொண்டுவந்தாள். மேஜையில் வைத்துவிட்டுப் போனாள். வசிலீனா எடுத்துப் பார்த்தாள். நெய்த துணி மாதிரிக் கோடு. வெள்ளையில் தேவதாரு இலைகள், மான் கொம்பு, ஏணி. நடுவில் வெறும் கறுப்புப் பட்டை ஒன்று, இடுப்பைச் சுற்றி, ஆரம்பமும் முடிவும் தெரியாமல். அந்தப் பட்டையைச் செத்தவர்களுக்காக விட்டுவைப்பார்கள். அழகாக இருந்தது, அதைச் சொல்லியே ஆக வேண்டும். அழகாக இருந்ததால்தான் இன்னும் வலித்தது.

மறுநாள் விருந்துக்குக் கோஸ் எடுக்க வேண்டியிருந்தது. அவள் நிலவறைக்கு இறங்கி, புளிக்கப்போட்ட பீப்பாயைத் திறந்தாள். அந்த வாசனை மூக்கில் ஏறியது. சட்டென்று யூர்கோ வந்து பக்கத்தில் நின்ற மாதிரி இருந்தது. துருப்பிடித்து இறுகின போல்ட்டையெல்லாம் அவன் அந்தப் பீப்பாய்த் தண்ணீரில்தான் ஊறப்போடுவான். தெக்லா கத்துவாள், திங்கிற சாமானில் இரும்பைப் போடுறானே என்று. “அக்கா, இந்தத் தண்ணி விடவைக்காத கறை உலகத்துல இல்ல” என்பான் அவன். போல்ட்டு பளபளவென்று வெளியே வரும்.

வசிலீனா பீப்பாயின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள். முட்டையையும் இந்தத் தண்ணீரில் போடுவார்களே. தரை, அதாவது ஓட்டின் அடிநிறம், வெள்ளையாக இருக்கிற முட்டை வேண்டுமென்றால் கெட்டிக்காரிகள் கோஸ் தண்ணீரில்தான் நிறத்தை உருவுவார்கள். தெக்லாவே செய்து அவள் பார்த்திருக்கிறாள். மெழுகு மூடின இடத்தைத் தண்ணீர் தொடாது. மூடாத இடத்தில் கறுப்பு கரைந்துபோகும். கரைந்துவிட்டால் அங்கே வெள்ளைத் தரை. வெள்ளைத் தரையில் எந்த நிறம்தான் ஏறாது?

படியில் இரண்டிரண்டாகத் தாவி மேலே வந்தாள். ஒரு பானை நிறையத் தண்ணீரும் கையுமாக.

எழுதத் தெரியாதவளுக்கு எழுதினதன் மேலேயே இழுக்கத் தெரியாதா? மலைப்பாதையில் பள்ளத்துக்கு ஒரு சாண் தள்ளி லாரியை ஓட்டுகிற கை அது. பாதை போடச் சொன்னால் தடுமாறும், போட்ட பாதையில் விடு, விலகாது. தெக்லாவின் வெள்ளைக் கோடு ஒவ்வொன்றின் மேலும் மெழுகை இழுத்தாள். இலை, கொம்பு, ஏணி. மூச்சைப் பிடித்துக்கொண்டு இழுத்தாள். கடைசியில் இடுப்பில் ஓடிய அந்தக் கறுப்புப் பட்டை வந்தது. அதையும் மெழுகால் மூடினாள். அதை மூடும்போது மட்டும் வாய்விட்டுச் சொன்னாள்: “நீ இங்கேயே இரு யூர்கோ. உன்னை யாரும் கழுவல.”

முட்டையைப் புளித்த தண்ணீருக்குள் இறக்கினாள். ஓடு முழுக்கக் குமிழி கட்டியது. விரல் நுனியால் மெல்லத் தடவ வேண்டும், பலமாகத் தேய்த்தால் ஓடு மெலிந்து உடைந்துவிடும். இந்த முட்டை உடைந்தால் அவ்வளவுதான், எல்லாம் முடிந்தது. தெக்லாவின் முகத்தில் எப்படி விழிப்பது? அவள் வேண்டாத சாமி இல்லை. கறுப்பு முதலில் பழுப்பானது. பழுப்பு புகை மாதிரித் தண்ணீரில் கலந்தது. தடவத் தடவ உள்ளே இருந்து வெள்ளை எட்டிப் பார்த்தது. வசிலீனா வாயைப் பொத்திக்கொண்டாள். சத்தம் போட்டால் முட்டை பயந்துவிடுமோ என்பது போல.

நல்ல தண்ணீரில் அலசி, மஞ்சளில் போட்டெடுத்தாள். தன் கைக்கு என்று ஏதாவது வேண்டாமா? அவளுக்குப் புள்ளி மட்டும்தான் ஒழுங்காக வந்தது. இலைகளுக்கு நடுநடுவே மெழுகுப் புள்ளி வைத்தாள், தேனீக்காரனுக்கு மஞ்சள் தேனீக்கள் என்று நினைத்துக்கொண்டு. எங்கும் வெறிச்சென்று இல்லாமல் நிறைய வைத்தாள். பிறகு சிவப்பில் அமிழ்த்தினாள். மெழுகை உருக்கித் துடைத்தபோது ஜன்னல் வெயில் நேராக அதன்மேல் விழுந்தது. சிவப்புத் தரை. தெக்லாவின் வெள்ளைக் கோடு. தன் மஞ்சள் புள்ளி. இடுப்பைச் சுற்றி யூர்கோவின் கறுப்பு.

“அப்பாடி” என்று நாற்காலியில் விழுந்தாள். லாரி முதல்தடவை பனியில் ஏறினபோதுகூட அவள் அப்படிச் சொன்னதில்லை.

ஞாயிறு விடியலில் கோயில் முற்றத்தில் ஆசீர்வாதத்துக்குக் கூடை வைத்தார்கள். பாஸ்கா என்னும் ஈஸ்டர் ரொட்டி, வெண்ணெய், பன்றித் தொத்திறைச்சி, முட்டைகள். தெக்லா கூடையை ஒரு நோட்டம் விட்டாள்.

“நான் எழுதினது எங்க?”

“அடியில இருக்கு மதினி. துணிக்குள்ள.”

“அவனை அடியில வைக்கிறியா இப்ப?”

பாதிரியார் தண்ணீர் தெளித்துக்கொண்டே வந்துவிட்டார். அதோடு அந்தப் பேச்சு நின்றது. ஆனால் வீட்டுக்குத் திரும்பி ஒரே மேஜையில் சாப்பிட்டபோது தெக்லா உப்பைக்கூடக் கேட்காமல் எட்டித் தானே எடுத்துக்கொண்டாள்.

திங்கட்கிழமை காலையில் யாலின்கா அலறிக்கொண்டிருந்தது. வாளி, குடம், பால்கேன், கிடைத்ததையெல்லாம் தூக்கிக்கொண்டு ஆம்பிளைகள் ஓட, பெண்கள் ஓடுவது போல நடித்துக்கொண்டு மெதுவாக ஓடினார்கள். ஒனுஃப்ரி ஆற்றைக் கடந்து வந்தான். பூவேலை செய்த சட்டை, மொட்டையில் எண்ணெய் மினுமினுப்பு, கையில் தளும்பத் தளும்ப வாளி. அவன் பின்னால் பரான்யா. பரான்யாவுக்குப் பின்னால் பாதி ஊர்.

முற்றத்து வேலி ஓரத்தில் எல்லாரும் நின்றுவிட்டார்கள். எதிர் வாசலில் தெக்லா கைகட்டி நின்றிருந்ததுதான் காரணம்.

ஒனுஃப்ரி வசிலீனாவின் முன்னால் வந்து வாளியைக் கீழே வைத்தான். “கிறிஸ்து உயிர்த்தெழுந்தார்” என்றான்.

“மெய்யாகவே உயிர்த்தெழுந்தார்.”

அவன் உள்ளங்கையை நீட்டினான். ஆயிரம் தேனீ மொய்த்தாலும் ஆடாத கை. வசிலீனா துணிப்பொட்டலத்தை எடுத்தாள். ஆனால் அவன் பக்கம் போகவில்லை. முற்றத்தைக் கடந்து தெக்லாவிடம் போனாள்.

“மதினி, இதை முதல்ல நீங்க பாக்கணும். நீங்க வேணாம்னா அவர் கையில நான் வைக்க மாட்டேன். அவர் திரும்பிப் போயிடுவார். நான் நாளைக்கு ரொட்டி ஏத்தப் போயிடுவேன். உங்க மேல வருத்தம் வராது.”

துணியைப் பிரித்தாள்.

தெக்லா முட்டையைக் கையில் எடுத்தாள். முகத்தருகே கொண்டுபோனாள். தன் கோடு தனக்குத் தெரியாதா? இலை, கொம்பு, ஏணி எல்லாம் அவள் கை. ஆனால் தரை சிவப்பு. முதலில் அவள் முகம் கறுத்தது. வசிலீனா அதைப் பார்த்தாள். தெக்லா முட்டையை மெல்லத் திருப்பினாள். கட்டைவிரல் கறுப்புப் பட்டையில் வந்து நின்றது. அதன் மேலேயே ஒரு சுற்று ஓடியது, முடிகிற இடம் தேடுவது போல. முடிகிற இடம் கிடையாது.

“இதை மட்டும் ஏன் விட்டே?”

“அவர் அங்க இருக்காரே மதினி.”

தெக்லா மூக்கை உறிஞ்சினாள். முட்டையை மூக்கருகே பிடித்து முகர்ந்தும் பார்த்தாள்.

“கோஸ் தண்ணியா?”

“ஆமா. அவர் போல்ட்டு ஊறப்போடுவாரே, அது.”

“எத்தனை தடவை கத்தியிருப்பேன் அந்தப் பயலை. என் கோஸ் முழுக்க இரும்பு நாத்தம்.” கத்துவதுபோலத்தான் ஆரம்பித்தாள், பாதியில் குரல் உடைந்தது. கண்ணிலிருந்து வழிந்ததைத் துடைக்கவில்லை. அழுதுகொண்டேதான் சிரித்தாள், சிரித்துக்கொண்டேதான் திட்டினாள். “செத்தும் சும்மா இருக்கானா பாரு. கறுப்பு போகவே போகாதுன்னு எழுதி வெச்சவ நான். என் கையெழுத்தையே எனக்குத் திருப்பிக் காட்டுறான்.”

பரான்யா வேலிமேல் எக்கிப் பார்த்தாள். “தெக்லாக்கா, என்ன நிறம்னு எங்களுக்கும் காட்டுங்க. கழுத்து வலிக்குது.”

தெக்லா முட்டையை உயர்த்திப் பிடித்தாள், ஊரே பார்க்கும்படி.

“எழுதினது நான். நிறம் ஏத்துனது என் தம்பி பொண்டாட்டி. இந்த வீடு குடுத்த கறுப்பை இந்த வீடே எடுத்தாச்சு. காது கேட்டுதா எல்லாருக்கும்?”

பிறகு நேராக ஒனுஃப்ரியிடம் நடந்து, அவன் உள்ளங்கையில் முட்டையை வைத்து, விரல்களை மடக்கிவிட்டாள். “ஓடு மெலிஞ்சிருக்கு. பத்திரமா வெச்சுக்கோ. இடைவெளி இல்லாமதான் எழுதியிருக்கு, தைரியமா வாங்கிக்கோ.”

வேலிப்பக்கம் சிரிப்பு வெடித்தது. ஒனுஃப்ரி தலையைத் தடவிக்கொண்டு முட்டையைப் பார்த்தான், புள்ளிகளைப் பார்த்தான். “இது என் தேனீங்களா?” என்று கேட்டான். வசிலீனா தலையசைத்தாள். அவன் அப்படியே நின்றுவிட்டான். வாளி காலடியில் கிடந்தது. தண்ணீர் ஊற்ற வேண்டும் என்பதே அவனுக்கு மறந்துபோயிற்று.

தெக்லா ஒரு கணம் பொறுத்தாள். இரண்டு கணம் பொறுத்தாள். அதற்கு மேல் பொறுமை அவள் பரம்பரையிலேயே கிடையாது.

“இவன் வாளியைத் தூக்குறதுக்குள்ள அடுத்த ஈஸ்டர் வந்துரும்” என்றாள். குனிந்து வாளியைத் தூக்கி, எட்டிப்போய், வசிலீனாவின் தலையில் மொத்தத்தையும் கவிழ்த்தாள்.

கிணற்றுத் தண்ணீர். வசிலீனாவுக்கு மூச்சே நின்றுவிட்டது. பிறகு அவள் அலறினாள். யாலின்காவில் அந்தக் காலையில் எழுந்த அலறல்களிலேயே பெரிய அலறல் அதுதான், மேல்கரை வரைக்கும் கேட்டதாகச் சொல்வார்கள். நனைந்து கனத்த கறுப்புத் தலைத்துணி நழுவித் தோளில் விழுந்தது. அதை எடுத்து முறுக்கிப் பிழிந்தாள். பாதி ஊர் வேலிக்குள் புகுந்தது. தொப்பியைக் கழற்றிப் பவ்யமாக நின்ற அத்தனை பேரும் இப்போது பால்கேனோடு ஓடிவந்தார்கள், வருடக்கணக்கில் ஊற்றாமல் விட்டதையெல்லாம் சேர்த்து ஊற்ற. கையில் கொடுக்க முட்டை இல்லையே என்று அவள் சிரித்துக்கொண்டே கத்தினாள். தெக்லா உள்ளே ஓடிப்போய், தான் எழுதின கூடையை அப்படியே தூக்கிவந்து அவள் கையில் கொடுத்தாள்.

“குடுடி, ஆளுக்கு ஒண்ணு குடு” என்றாள். “எல்லாம் நிறந்தான்.”